கப்பல் பந்தி

பூவிருந்தவல்லியும் அம்பத்தூரும் ஆவடியும் கடல் காணாத ஊர்கள். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த இவ்வூர்களுக்குக் கப்பல் பயண வரலாற்றில் என்ன இடம் இருக்க முடியும் என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து மேற்கே பதின்மூன்று மைல் தொலைவிலிருந்த பூவிருந்தவல்லி, பத்தொன்பதாம் நூற்றாண்டில், இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய ஐரோப்பியச் சிப்பாய்களைத் தத்தம் படைப்பிரிவுகளுக்கு அனுப்புவதற்கு முன் தங்கவைத்த இடமாகவும், உடல் நலிந்து தாயகம் திரும்பவிருந்த சிப்பாய்கள் கப்பலுக்குக் காத்திருந்த இடமாகவும் விளங்கியது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை இன்றைய அம்பத்தூர், ஆவடி வழியாகவே சென்று, வட ஆர்க்காட்டுப் பக்கத்தவர் கடற்கரையை அடைய நடக்க வேண்டியிருந்த நாட்களைச் சில மணி நேரமாகச் சுருக்கிற்று. இம்மூன்று ஊர்களும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டமோ, கடல் கடந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. இவ்வாறு மூன்று வகையில் கடலோடு தொடர்புற்றிருந்த நிலப்பரப்பிலிருந்து பார்க்கும்போது, சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் மனிதர்கள் எதை உண்டார்கள், எங்கே அமர்ந்து உண்டார்கள், எவர் பரிமாற உண்டார்கள் என்பது சில்லறைச் செய்தியாகத் தோன்றாது. பயணச்சீட்டில் எழுதப்படாத தகுதி வேறுபாடுகள் எல்லாம் கப்பலில் சோற்றுத் தட்டில் வந்துதான் வெளிப்பட்டன.

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இலண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னைக்கு வந்து சேர நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை ஆயின. அந்தப் பாய்மரக் கப்பல்களில் வசதியுள்ள பயணிக்குக் கிடைத்தது நான்கு மரச் சுவர்கள் மட்டுமே; கட்டில், நாற்காலி, விளக்கு, கைகழுவும் பாத்திரம் ஆகிய அனைத்தையும் அவரே விலைக்கு வாங்கி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் சாப்பாடு தலைமை மாலுமியின் பொறுப்பு. கப்பலின் பின்பகுதியில் இருந்த பொது உணவறையில் அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்பதற்கான தொகையைப் பயணிகள் அவரிடமே செலுத்தினார்கள். அம்மேசையில் அவருக்கு அருகில் யார், கடைக்கோடியில் யார் என்பது பதவியின் வரிசைப்படி அமைந்தது. அந்த மேசைக்காகவே ஆடு, பன்றி, கோழி, சில வேளைகளில் பாலுக்கு ஒரு பசு என ஒரு சிறு தொழுவமே மேல்தட்டில் பயணம் செய்தது. அதே கப்பலின் கீழ்த்தட்டில் வந்த சிப்பாய்க்கு உப்பிட்ட மாட்டிறைச்சி, கல்லைப் போல் இறுகிய ரொட்டி, உலர்ந்த பட்டாணி, நீர் கலந்த ரம் ஆகியவை அளந்து கொடுக்கப்பட்டன. அவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஒருவர் சமையலறைக்குச் சென்று பங்கை வாங்கிவர, தொங்கும் பலகையைச் சுற்றி அமர்ந்து உண்டார்கள். துறைமுகம் இல்லாத சென்னையில் இருவகையினரும் ஒரே விதமாகத்தான் இறங்கினர்: ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகில் ஏறி, அலையில் நனைந்து, மணலில் கால் வைத்தார்கள். அதன்பின் மேசைக்காரர் கோட்டைப் பக்கம் செல்ல, சிப்பாய் பூவிருந்தவல்லிச் சாலையில் நடந்தார்.

கரீபியன் கடல் என்றதும் இன்றைய வாசகருக்கு உல்லாசக் கப்பலும் வெண்மணற் கரையும் நினைவுக்கு வருகின்றன. தமிழர் அக்கடலுக்குச் சென்ற முதற் பயணங்கள் வேறு வகையானவை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 1834 முதலும் பிரெஞ்சுத் தீவுகளில் 1848-லும் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடி இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1844-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம் ஜமைக்கா, பிரிட்டிஷ் கயானா, டிரினிடாட் ஆகிய இடங்களுக்கு ஆள் அனுப்ப வழி திறந்தது. அங்குச் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள் எனினும், சென்னையில் ஏறிய தமிழரும் தெலுங்கரும் ஒரு குறிப்பிடத்தக்க சிறு பகுதியாக இருந்தார்கள். கயானாவில் அவர்களின் வழியினர் இன்றும் ‘மதராசிகள்’ என்றே குறிக்கப்படுகிறார்கள். பிரெஞ்சுத் தீவுகளின் கதையில் தமிழர் பங்கு இன்னும் பெரிது. பிரெஞ்சிந்தியத் துறைகளிலிருந்து சென்ற ‘ஒரேலி’ என்னும் கப்பல், முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு 1853 மே மாதம் மர்த்தினிக் தீவை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் தீவிலும் ஆட்களை இறக்கியது.

இவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அதாவது, குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் உழைப்பதாகக் கைநாட்டு வைத்தவர்கள். ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்த அப்பயணத்தில் அவர்களின் உணவை அரசு விதிகளே தீர்மானித்தன. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, நெய் அல்லது எண்ணெய், உப்பு, மஞ்சள், மிளகாய், புளி, வெங்காயம், உப்புக் கருவாடு, புகையிலை எனப் பட்டியலிட்டு, கப்பல் புறப்படுமுன் அவை ஏற்றப்பட்டுள்ளனவா என்று அதிகாரிகள் சரிபார்த்தார்கள். அலை மிகுந்து அடுப்பு மூட்ட முடியாத நாட்களுக்காக அவலும் சர்க்கரையும் தனியே வைக்கப்பட்டிருந்தன. ஏறும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு தகரத் தட்டு, ஒரு குவளை, ஒரு கம்பளி, கழுத்தில் கட்டிக்கொள்ள எண் பொறித்த தகர வில்லை ஆகியவை வழங்கப்பட்டன. சமையலுக்கென அமர்த்தப்பட்டவர் ‘பண்டாரி’ எனப்பட்டார்; எல்லாரும் மறுப்பின்றி உண்ண வேண்டும் என்பதற்காக, கூடியவரை உயர்சாதியினர் எனப்பட்டோரிலிருந்தே அவரைத் தேடிப் பிடித்தார்கள். கப்பலைக் கூட்டிக் கழுவியவருக்குத் ‘தோப்பாஸ்’ என்று பெயர். கூட்டத்தை ஒழுங்குபடுத்த அவர்களுக்குள்ளிருந்தே ‘சர்தார்’ என்னும் தலைவர்கள் பொறுக்கியெடுக்கப்பட்டார்கள்.

சாதிக்கேற்ற சமையற்காரரைத் தேடிய இந்த ஏற்பாடு சில நாட்களுக்கு மேல் பயன்படவில்லை. ஒரே அண்டாவில் வெந்த சோற்றை, ஒரே மேல்தட்டில் நெருங்கி அமர்ந்து, காற்று வீசும் பக்கம் பார்த்து முதுகைத் திருப்பிக்கொண்டு உண்ண வேண்டியிருந்த இடத்தில், ஊரில் பந்திக்குப் பந்தி இருந்த விலக்குகள் நிலைக்க வழியில்லை. சீர்திருத்த எண்ணம் எவருக்கும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. இடநெருக்கடியும் வாந்தியும் பசியும் சேர்ந்து செய்த வேலை அது. ஊரிலிருந்து பிரிந்து வந்த துயரத்தில் உண்ண மறுத்துக் கிடந்தவர்களைத் தேற்றுவதற்காக மாலை வேளைகளில் பறையடிக்கவும் பாடவும் மல்லுக்கட்டவும் கப்பல் மருத்துவர்கள் ஊக்கமளித்தார்கள். இதில் அன்பைவிடக் கணக்கு மிகுதி: பிரிட்டிஷ் குடியேற்றங்களுக்குச் சென்ற கப்பல்களில், உயிரோடு கரையிறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று மருத்துவருக்கு ஊதியம் பேசப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் வாந்திபேதியும் வயிற்றுக்கடுப்பும் தட்டம்மையும் ஒவ்வொரு பயணத்திலும் ஆட்களைக் கொண்டுபோயின. கட்டணம் ஏதும் வாங்காமல், தட்டு முதல் புகையிலை வரை எல்லாவற்றையும் கப்பலே கொடுத்து, பொழுதுபோக்கையும் ஏற்பாடு செய்து தமிழரைக் கரீபியனுக்கு அழைத்துச் சென்றவை இந்தக் கப்பல்களே என்பது, இன்றைய உல்லாசப் பயண விளம்பரங்களைப் படிப்போர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. கட்டணம் இறங்கிய பின்னர், கரும்புக் காட்டில் வசூலிக்கப்பட்டது.

நீராவிக் கப்பல்கள் பெருகி, 1869-இல் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டபின் இங்கிலாந்துப் பயணக் காலம் வாரங்களாகக் குறைந்தது. 1856-இல் தோன்றி 1862-இல் பெயர் மாறிய ‘பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன்’ கம்பெனி வங்கக் கடலின் பயணிகள் போக்குவரத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. சென்னையில் அதன் முகவர்கள் பின்னி கம்பெனியார். இக்கப்பல்களில் பணியாட்கள் பிரிவும் ஒரு முறைக்கு உட்பட்டிருந்தது. கலாசிகள் எனப்பட்ட மேல்தட்டு மாலுமிகளுக்குத் தலைவர் சாரங்கு, அவருக்கு அடுத்தவர் தண்டல். பணியாளர்களுக்குச் சமைத்தவர் பண்டாரி. முதல் வகுப்பு உணவறையில் வெள்ளுடை அணிந்து பரிமாறியவர்கள் பெரும்பாலும் கோவாவைச் சேர்ந்த கிறித்தவர்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, மது ஆகிய எதையும் தொட்டுப் பரிமாறத் தடையில்லாதவர்கள் என்பதே அவர்கள் விரும்பப்பட்டதற்குக் காரணம். காலை உணவு, நண்பகல் டிபன், இரவு விருந்து என்று மணியடித்து நடந்த அந்த உணவறையில் ஆங்கில வறுவல்களோடு சோறும் குழம்பும் நாள் தவறாமல் இடம்பெற்றன.

ஆனால் அந்த உணவறை மரக்கறி உண்பவருக்கு அச்சமூட்டும் இடமாக இருந்தது. 1888-இல் பம்பாயிலிருந்து இலண்டன் சென்ற காந்தி, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாத கூச்சத்தாலும், எதில் இறைச்சி கலந்திருக்கிறது என்று கேட்கத் துணியாததாலும், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் கொண்டே தம் அறையில் நாட்களைக் கடத்தியதைத் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த கணித மேதை இராமானுஜன், 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்னும் பிரிட்டிஷ் இந்தியாக் கப்பலில் புறப்பட்டபோதும் மரக்கறி உணவு குறித்த கவலை அவரோடு சேர்ந்தே ஏறியது. கடல் கடப்பதே குற்றம் என்ற சாத்திரத் தடையை மீறுவதற்குத் துணிந்தவர்களும், பிறர் சமைத்ததை உண்பதற்குத் துணியவில்லை. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் வட்டித் தொழிலுக்குச் சென்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இதற்கு நேரான தீர்வைக் கண்டார்கள்: ‘கிட்டங்கி’ எனப்பட்ட தங்கள் கடைவீடுகளுக்குச் சமையற்காரரையும் கூட்டிச்சென்றார்கள்.

கப்பல் சேவை என்பது அரசியலாகவும் ஆனதுண்டு. வ.உ. சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, பிரிட்டிஷ் இந்தியாக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இலவசமாக ஏற்றிச் செல்லவும், குடை ஒன்றைப் பரிசாகக் கொடுக்கவும் முன்வந்தது. பயணியை மதிப்பது தங்கள் வழக்கமன்று என்பதைப் பல ஆண்டுகளாகக் காட்டிவந்த நிறுவனம், போட்டி வந்ததும் குடை பிடிக்க ஓடி வந்தது.

சென்னை மக்களின் நினைவில் மிக நீண்ட காலம் வாழ்ந்த கப்பல் ‘இரஜுலா’. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பார்க்ளே கர்ல் நிறுவனத்தாரால் கட்டப்பட்டு 1926-இல் ஓடத் தொடங்கிய இக்கப்பல், போர்க்கால இடைவெளி நீங்கலாக, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்னும் வழியில் போய்வந்துகொண்டிருந்தது. அதன் சோடிக் கப்பலான ‘ரோனா’ 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலில் ஜெர்மானிய வான்தாக்குதலில் மூழ்கியது. அமெரிக்கப் படைவீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் கப்பலில் பணிபுரிந்த இந்தியர் பலரும் இறந்தனர். எட்டாயிரத்து ஐந்நூறு டன்னை ஒட்டிய கொள்ளளவே உடைய இரஜுலா, தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ‘டெக்’ பயணிகளை, அதாவது அறையோ படுக்கையோ இல்லாமல் திறந்த தட்டுகளில் இடம்பிடித்துச் செல்வோரை, ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. இன்று அதைப்போல் ஆறு மடங்கு பெரிய கப்பல்கள் அதில் பாதிப் பேரைக்கூட ஏற்றுவதில்லை என்பதை எண்ணினால் அந்த நெருக்கம் புலப்படும்.

டெக் பயணியின் முதல் வேலை இடம்பிடிப்பது. பாயை விரித்து, நான்கு மூலைகளிலும் தகரப் பெட்டி, படுக்கைச் சுருட்டு, கூசா, செருப்பு ஆகியவற்றை வைத்து எல்லை காட்டிவிட்டால், அடுத்த ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பத்தின் வீடு அதுவே. புளியோதரை, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, வாழைப்பழம் எனக் கட்டிக்கொண்டு வந்தவை முதலிரண்டு நாட்களுக்கு வரும். பிறகு கப்பல் சோறு. சைவத்துக்கும் அசைவத்துக்கும் சமையல் தனித்தனி; முஸ்லிம் பயணிகள் மிகுந்த வழியாதலால் அவர்கள் முறைப்படி அறுத்த இறைச்சியும் தேவைப்பட்டது. மணியடித்ததும் தட்டும் குவளையும் ஏந்தி வரிசையில் நிற்க, பண்டாரியின் ஆட்கள் அண்டாவிலிருந்து சோற்றை வாரிப் போட்டு, மேலே குழம்பை ஊற்றுவார்கள். அலை பெருகிய நாட்களில் வரிசை தானாகவே குறைந்துவிடும். அதே வேளையில், சில அடி உயரத்தில், முதல் வகுப்பு உணவறையில் வெள்ளை விரிப்பும் அச்சிட்ட உணவுப் பட்டியலும் காத்திருந்தன. இடையிலிருந்த படிக்கட்டில் தொங்கிய சங்கிலியே இரு உலகங்களின் எல்லை.

எல்லை கரையிலும் தொடர்ந்தது. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலும் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தொற்றுநோய்க் கண்காணிப்புக்காக அடைத்துவைக்கப்பட்டவர்கள் டெக் பயணிகள்தாம். மேல்வகுப்பார் நேரே ஊருக்குள் சென்றார்கள். கிருமிக்கு வகுப்பு தெரியும் என்று குடியேற்ற அதிகாரிகள் நம்பியிருக்க வேண்டும்.

விடுதலைக்குப்பின் ‘ஸ்டேட் ஆஃப் மதராஸ்’ என்னும் இந்தியக் கப்பலும் இவ்வழியில் ஓடியது. இரஜுலா ஓய்வுபெற்ற காலத்தில், இந்தியக் கப்பல் கழகம் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றிடமிருந்து ‘பாஸ்தர்’ என்னும் பயணிகள் கப்பலை வாங்கி, ‘சிதம்பரம்’ எனப் பெயரிட்டுச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே விட்டது. தட்டில் பாய் விரித்த காலம் போய், அடுக்குப் படுக்கைகள் வந்தன. எனினும் திரும்பும் பயணத்தில் படுக்கையைவிட மூட்டைகளுக்கே இடம் மிகுதியாகத் தேவைப்பட்டது. நைலக்ஸ் புடவை, டேப் ரிக்கார்டர், கோடாலித் தைலம் என ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடையாக இருந்தது. விமானக் கட்டணம் எட்டும் தூரத்துக்கு வந்தபோது பயணிகள் குறையத் தொடங்கினார்கள். 1985-இல் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் நேர்ந்த தீ விபத்தில் பலர் உயிரிழந்தபின் சிதம்பரம் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. பல தலைமுறைகளாகச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தொடர்ந்துவந்த கடல்வழிப் பயணிகள் போக்குவரத்து அத்துடன் முடிந்தது.

உலகின் மறுபக்கத்தில், விமானம் அழித்த அதே தொழில் வேறோர் உருவெடுத்தது. அட்லாண்டிக் கடலைக் கடப்பவர்கள் 1960-களில் விமானத்துக்கு மாறிவிட, கப்பல் முதலாளிகள் போய்ச்சேர வேண்டிய ஊரையே கணக்கிலிருந்து நீக்கி, கப்பலில் இருப்பதையே பயணத்தின் நோக்கமாக்கினார்கள். நார்வே நாட்டுக் கம்பெனிகள் மூன்று சேர்ந்து 1968-இல் தொடங்கிய ராயல் கரீபியன் நிறுவனமும், 1972-இல் தோன்றிய கார்னிவல் நிறுவனமும் மயாமித் துறைமுகத்திலிருந்து இதைப் பெருந்தொழிலாக வளர்த்தன. சாப்பாடு முழுவதும் கட்டணத்தில் அடக்கம். இரவு உணவு இரண்டு பந்திகளாக நடைபெறும். ஒவ்வொருவருக்கும் மேசை ஒதுக்கப்பட்டு, பயணம் முடியும்வரை அதே பரிமாறுநர் அதே மேசைக்கு வருவார். இறுதி நாளில் அவருக்கு அன்பளிப்பு ஒன்று தரப்படும். பழைய கப்பல்களின் முதல் வகுப்பு முறையையே எடுத்து, வகுப்பை நீக்கிவிட்டு, எல்லாருக்கும் விற்றார்கள்.

அவ்வாறு விற்கப்பட்ட கப்பல்களில் ஒன்றே பின்னர்ச் சென்னைக்கு வந்தது. பிரான்சின் சென்-நசேர் கப்பல் தளத்தில் கட்டப்பட்ட ‘நார்டிக் எம்ப்ரஸ்’, 1990 முதல் மயாமியிலிருந்து பகாமாத் தீவுகளுக்கு மூன்று, நான்கு இரவுப் பயணங்களாகச் சென்றுவந்தது. 48,563 டன் கொள்ளளவுடைய அக்கப்பல் பெயரும் உடைமையாளரும் மாறி, 2017-இல் அமெரிக்காவிலிருந்து கியூபாவின் ஹவானா வரை சென்று, கொரோனாக் காலத்தில் இந்திய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, ‘எம்ப்ரஸ்’ என்ற பெயரோடு 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் பயணங்களைத் தொடங்கியது. 2022 ஜூன் 4 அன்று சென்னையிலிருந்து அதன் முதற் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு ஜூனில் அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் சென்றது.

ஊர் மாறியதும் கப்பலின் அடுப்பும் மாறியது. கரீபியனில் இறைச்சி வாட்டிய சமையற்கட்டில் தோசையும் சாம்பாரும் இடம்பெற்றன. வெங்காயமும் பூண்டும் கிழங்கும் தவிர்த்த சமண உணவைத் தனியே கேட்டுப் பெற முடிந்தது. இரஜுலாவின் இரட்டைச் சமையல் வேறு வடிவில் திரும்பிவந்ததை இதில் காணலாம். ஆனால் முன்பு யாரோடு உண்பது என்பதைப் பிறப்பும் சீட்டும் தீர்மானித்தன. இப்போது எதை உண்பது என்பதை மட்டும் பயணி தீர்மானிக்கிறார். பூவிருந்தவல்லிக் குடும்பமும் மும்பை வணிகரும் ஒரே நீண்ட மேசையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் வரிசையில் முன்பின்னாக நிற்கிறார்கள்.

இதனால் கப்பலில் ஏற்றத்தாழ்வு ஒழிந்தது என்று முடிவுகட்டினால் அது பிழையாகும். பயணிகளுக்கிடையே இருந்த சங்கிலி, பயணிக்கும் பணியாளருக்கும் இடையே நகர்ந்திருக்கிறது. உலகெங்கும் உல்லாசக் கப்பல்களில் மாதக்கணக்கான ஒப்பந்தத்தில், வார விடுமுறையின்றி, நீர்மட்டத்தை ஒட்டிய சிறு அறைகளில் இருவர் மூவராகத் தங்கி வேலை செய்யும் பரிமாறுநர்களிலும் சமையற்காரர்களிலும் இந்தியர் பெருந்தொகையினர். பழைய கோவாக்காரர்களின் இடத்தில் இன்று தமிழ்நாட்டு உணவு மேலாண்மைக் கல்லூரிகளில் படித்த இளைஞர்களும் நிற்கிறார்கள். பயணிகள் மேசையில் அவர்கள் அமர்வதில்லை; அவர்களின் உணவறை வேறு, சமையல் வேறு.

ஒப்பந்தக் கப்பல்களின் அரிசிக் கணக்கு அரசு ஏடுகளில் இருக்கிறது. முதல் வகுப்பு உணவுப் பட்டியல்கள் சேகரிப்பாளர்களிடம் விலைபோகின்றன. டெக் பயணிகளின் சோற்றுக்கு மட்டும் சாட்சி, அதை உண்டவர்களும் அவர்கள் பெட்டிக்குள் வைத்த சீட்டுகளும்தாம். இரஜுலாவிலோ சிதம்பரத்திலோ சென்றுவந்த பெரியவர்கள் சென்னையிலும் அதன் மேற்குப் புறநகர்களிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பயணச்சீட்டு, தடுப்பூசிச் சான்று, கப்பலில் எடுத்த புகைப்படம் எதையும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போடாமல், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ காட்டுவதும், அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்துவைப்பதும் இன்றே செய்ய வேண்டிய வேலைகள்.